சின்னக்கண்ணு விசாரித்த ஆள்

கட்சிக்குப் பணம் கொடுக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தலைவருக்குப் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டுமென்றால்தான் முதலியார்பேட்டை சின்னக்கண்ணு சரி என்று சொல்ல வேண்டும். புதுச்சேரிக் கட்சிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் ஒரு போட்டோ. எழுபத்தேழு தேர்தல் சமயத்தில் ஒரு புண்ணியவான் மேடையேறி, தலைவர் கழுத்தில் ஆளுயர மாலையைப் போட்டு, பட்டுத் துணியில் முடிந்த தேர்தல் நிதியைக் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். பத்து நாள்கூட ஆகியிருக்காது, அந்தப் புண்ணியவான் வீட்டுக் கிணற்றிலிருந்து போலீஸ்காரர்கள் வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களை மூட்டை மூட்டையாகத் தூக்கினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து, கீழே "தலைவரே, மணி என்ன?" என்று ஒரு கேள்வியையும் போட்டு ஊர்ச் சுவரையெல்லாம் நிரப்பிவிட்டார்கள். சென்னையிலிருந்து கடுமையாக உத்தரவு வந்தது. இனிமேல் யார் மேடையேறி நிதி கொடுத்தாலும், ஆள் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும்.

யார் விசாரிப்பது? படித்தவர்களை விட்டால் அவரவர் சொந்தக்காரனை ஏற்றிவிடுவான். செயலாளர் வக்கீல் பலராமன் யோசித்துப் பார்த்துச் சின்னக்கண்ணுவைக் கைகாட்டினார். சின்னக்கண்ணு வேலை பார்த்த மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது, வேலைக்குத் திரும்புவதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் மேஸ்திரி ஆக்குகிறோம் என்று நிர்வாகம் அவரைக் கூப்பிட்டது. அவர் போடவில்லை. வேலை போயிற்று. அதற்குப் பிறகு ரேஷன் கடையில் எடை போட்டும், கல்யாண வீடுகளில் பந்தல்காரர்களோடு ஓடியாடியும் பிழைத்தார். கையெழுத்துப் போடாத மனுஷன் என்கிற பேர் மட்டும் ஊரில் அப்படியே நிலைத்துவிட்டது. வேறு சொத்து ஒன்றும் அவருக்கு இல்லை.

அவர் விசாரிக்கிற விதமே தனி. பணக்காரரைப் பற்றி இன்னொரு பணக்காரரிடம் கேட்கமாட்டார். அவர் வீட்டுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவர், அவரிடமிருந்து நின்றுபோன கணக்குப்பிள்ளை, கம்பெனி வாசலில் டீ விற்கிறவர் என்று போய் உட்காருவார். கேள்வியே கேட்கமாட்டார். வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு மழை இல்லையே, தண்ணீர் இல்லையே என்று பேசிக்கொண்டிருப்பார். எதிராளி தானாகவே மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார். எல்லாம் முடிந்த பிறகு வக்கீல் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு வார்த்தை. "ஏறலாம்." இல்லையென்றால், "வேணாம்." ஏன் என்று சொல்லமாட்டார். காரணம் சொன்னால் அது புறம் பேசுவதாகிவிடும், ஒரு மனுஷனை மேடையேற்றாமல் விடலாம், ஊர் சிரிக்க வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். வக்கீலும் கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேணாம் என்று ஒதுக்கப்பட்டவர் கொண்டுவந்த பணத்தை வக்கீல் வேணாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது அவர் வீட்டுப் பின்வாசல் வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்தது. கட்சிக்கு மானம் இருந்தது, ஆனால் அது மேடையில் மட்டும்தான் தேவைப்பட்டது. சின்னக்கண்ணுவுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆளைப் பார்ப்பது நம்ம வேலை, பணத்தைப் பார்ப்பது அவங்க வேலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெற்றிலைப் பையை மூடிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், ஜெயம். மருமகன் கன்னியப்பன் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அவரும் கட்சி. கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவது முறை ஜெயம், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தலைவர் கையால்தான் பேர் வைப்பேன் என்று வேண்டிக்கொண்டாள். மற்றவர்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதில்லையா, அதுபோலத்தான். கட்சியில் சாமிக்கு வேண்டிக்கொள்ளக் கூடாது, ஆனால் தலைவருக்கு வேண்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பெண் குழந்தை பிறந்தது. மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பிறப்பை எழுதிவைக்கப் போன கன்னியப்பன், பேர் இன்னும் வைக்கவில்லை என்றார். குமாஸ்தா அந்த இடத்தைக் காலியாக விட்டு, கட்சிக்காரரா என்று கேட்டுச் சிரித்தார். அவருக்குப் பழக்கமான விஷயம்தான். தலைவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் அந்த நகரத்தில் நிறையவே இருந்தார்கள்.

தலைவர் சித்திரையில் வருவதாக இருந்தது, வரவில்லை. ஐப்பசியில் வருவதாக இருந்தது. தில்லியில் நடந்த படுகொலையால் எல்லாக் கூட்டங்களும் நின்றுபோயின. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, பேர் இல்லாத பிள்ளையை இப்படி வைத்திருக்கக் கூடாது, காற்று கருப்பு அண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெயம் அன்று முழுக்க அழுதாள். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவளுக்கு அது சும்மா ஒரு பேச்சாகவா தோன்றும்? தலைவர் வராவிட்டால் வேண்டுதல் தப்பி இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவளுக்குள் புகுந்துவிட்டது. குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைச் சின்னக்கண்ணுவால் தாங்க முடியவில்லை.

எண்பத்தைந்து தேர்தல் வந்தது. தலைவர் மாசி மாதம் வருவது உறுதியாயிற்று. மேடையேற விரும்பியவர்களில், புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வார்னிஷ் கம்பெனி வைத்திருக்கும் தணிகாசலமும் ஒருவர். சின்னக்கண்ணு விசாரிக்கக் கிளம்புமுன்பே விஷயம் அவர் வீடு தேடி வந்தது. வந்தவள் நெல்லித்தோப்பு ஆதிலட்சுமி.

ஆதிலட்சுமி அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவள். வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் கஞ்சித் தொட்டி வைத்து அத்தனை பேருக்கும் ஊற்றியவள். புருஷன் இல்லை. ஒரே பெண் அமிர்தவல்லி. பதினேழு வயசு. அந்தப் பெண் தணிகாசலம் கம்பெனியில் டின்களுக்கு மூடி போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் வார்னிஷ் காய்ச்சும் கொப்பரை பொங்கி நெருப்புப் பிடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். அது ஓடவில்லையோ, ஓட வழியில்லையோ. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள், வீட்டில் ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். அது கண்ணைத் திறக்காமலே போய்விட்டது. கம்பெனியில் கேட்டால், அப்படி ஒரு பெண் இங்கே வேலையே செய்யவில்லை என்றார்கள். வருகைப் பதிவில் அதன் பேர் இல்லை. தினக்கூலிகள் யார் பேரும் இருந்ததில்லை.

"எங்க வூட்ல ஸ்டவ்வே இல்லண்ணே. வெறகடுப்புதான். போய்ப் பாத்துக்கோ," என்றாள் ஆதிலட்சுமி. அவள் அழவில்லை. மனு மேல் மனு கொடுத்து ஒரு விசாரணைக்கு உத்தரவு வாங்கியிருந்தாள். வார்னிஷ் கம்பெனி ஆள் தலைவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் அந்த விசாரணை என்ன கதியாகும் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. நஷ்டஈடுகூட அப்புறம், தன் பெண் அங்கே வேலை செய்தாள், அங்கேதான் செத்தாள் என்று அவர்கள் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னக்கண்ணு நெல்லித்தோப்புக்குப் போய் அந்த விறகடுப்பைப் பார்த்தார். பிறகு கம்பெனிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசியதும் தாமாகவே அந்தப் பெண்ணைப் பற்றி ஆரம்பித்தார். தினமும் பத்து மணிக்கு வந்து பொறை ரொட்டியை டீயில் முக்கித் தின்னுமாம். சம்பளத்தன்று பாக்கியைத் தானே ஞாபகமாகக் கொண்டுவந்து கொடுக்குமாம். வேன் ஓட்டியவனையும் பார்த்தார். அவன் முதலில் தெரியாது என்றான், பிறகு குனிந்துகொண்டு, வேனில் அது அலறிய சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது என்றான். இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? அன்று சாயங்காலமே வக்கீல் வீட்டுக்குப் போனார்.

"தணிகாசலம் வேணாம்," என்றார்.

வக்கீல் பலராமன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காபி கொண்டுவரச் சொன்னார். தலைவருக்கு உடம்பு சரியில்லை, மேடையில் அரை மணிகூட நிற்கமாட்டார், பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிற நிகழ்ச்சியே வேண்டாம் என்று சென்னையில் சொல்கிறார்கள் என்றார். தான்தான் மன்றாடி ஒரு குழந்தைக்கு மட்டும் இடம் வாங்கியிருப்பதாகவும், அது சின்னக்கண்ணுவின் பேத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார். சின்னக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வக்கீல் காபியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"மேடை, பந்தல், லைட்டு, தலைவர் தங்குறது எல்லாமே தணிகாசலம் பொறுப்புண்ணே. அவரு இல்லன்னா கூட்டத்த விழுப்புரத்துக்கு மாத்திடுவாங்க. பேரு வைக்கிறதும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் உங்கள வற்புறுத்தல. நீங்க விசாரிச்சத நீங்கதான் சொல்லணும். காலைல வந்து சொல்லுங்க."

சின்னக்கண்ணு வீட்டுக்கு வந்தபோது ஜெயம் வாசலிலேயே நின்றாள். செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது, அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற ஒரே பட்டுப்புடவையின் முந்தானையை வெட்டிக் குழந்தைக்குக் கவுன் தைக்க ஆரம்பித்திருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் பயம் இல்லை. "இனிமே ஒண்ணும் ஆவாதுப்பா," என்றாள். குழந்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

அவர் ஆதிலட்சுமியை மறக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். இரவெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்து நினைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். மேடை வேறு, விசாரணை வேறு. மேடை அரை மணி நேரக் கூத்து. விசாரணை என்பது சர்க்கார் காரியம், அங்கே உண்மைதானே செல்லும்? அங்கே தானே நேரில் போய் நின்று அத்தனையும் சொல்லிவிடலாம். தன் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. ஒரு தடவை மேடைக்காக வளைந்தால் அந்த மதிப்பு எங்கே போய்விடும்? இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டார் அந்த மனுஷன். மில்காரர்கள் நீட்டிய காகிதத்தை ஒரே பார்வையில் தள்ளியவர், பேத்தியின் பட்டுக் கவுன் முன்னால் இத்தனை நியாயம் பேச வேண்டியதாயிற்று.

காலையில் போய், "ஏறலாம்" என்றார். வக்கீல் ஏன் என்று கேட்கவில்லை.

உப்பளம் மைதானத்தில் நிற்க இடமில்லை. தலைவர் மிகவும் களைத்துப்போயிருந்தார். குரல் கட்டியிருந்தது. தணிகாசலம் சந்தன நிறச் சட்டை போட்டுக்கொண்டு நிதியைத் தட்டில் வைத்து ஏந்தி வந்தார். தலைவர் கையை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற பலராமன் பக்கம் லேசாகத் திரும்பி, இவர் எப்படி என்று கேட்டார். சின்னக்கண்ணு மேடையின் ஓரத்தில்தான் நின்றிருந்தார், நன்றாகக் கேட்டது.

"சின்னக்கண்ணு விசாரிச்ச ஆள், தலைவரே."

தலைவர் கண்ணால் தேடிச் சின்னக்கண்ணுவைக் கண்டுபிடித்தார். இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். அதன் பிறகுதான் தட்டில் கை வைத்தார். இதுநாள்வரை எத்தனையோ கூட்டங்களில் தலைவர் தன்னை ஒருமுறை பார்க்க மாட்டாரா என்று ஏங்கியவர் சின்னக்கண்ணு. இன்று பார்த்தபோது அவருக்குத் தலை தானாகக் கவிழ்ந்துகொண்டது. கூட்டத்தில் இருந்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அடுத்து குழந்தை. ஜெயம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைவர் தூக்கிப் பார்த்துச் சிரித்து, ஒலிபெருக்கியில் "வெற்றிச்செல்வி" என்றார். மைதானமே அதைத் திரும்பச் சொன்னது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. ஜெயம் ஓரடி முன்னால் வருவதற்குள், பக்கத்தில் நின்ற தணிகாசலம் கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். என்ன மாயமோ, குழந்தை அழுகையை நிறுத்தியது. தலைவர் சிரித்தார், தணிகாசலமும் சிரித்தார். போட்டோக்காரர் விளக்கைப் பளிச்சென்று தட்டினார். மறுநாள் கட்சிப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. ஜெயம் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்றாள். சின்னக்கண்ணு அந்தப் பேப்பரை வாங்கி மடித்து எங்கேயோ வைத்துவிட்டு, காணோம் என்று சொல்லிவிட்டார்.

அவர் மாட்டாவிட்டால் என்ன, மாட்ட வேண்டியவர் மாட்டிவிட்டார். வார்னிஷ் கம்பெனி ஆபீஸ் அறையில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் நேராகப் படுகிற மாதிரி, கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டினார் தணிகாசலம். கம்பெனி ஆட்கள் தினமும் அதன் அடியில் நின்று கூலி வாங்கினார்கள். ஆதிலட்சுமிக்காக வாயைத் திறக்கலாமா என்று நினைத்திருந்த இரண்டொருவரும் அதைப் பார்த்துப் பார்த்து மூடிக்கொண்டார்கள். டீக்கடைக்காரரை அந்த இடத்திலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். அவர் சாமானை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். வேன் ஓட்டியவனுக்குப் புது வேன் கிடைத்தது.

விசாரணை வைகாசியில் நடந்தது. எங்கே என்கிறீர்கள்? கம்பெனி ஆபீஸ் அறையிலேயே. சம்பவ இடத்தைப் பார்வையிட வசதி என்று காரணம் சொன்னார்கள். விசாரணை அதிகாரி வயசானவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வந்ததும் படத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனி தரப்பு வக்கீலாக வந்தவர் பலராமன். ஆதிலட்சுமி சுவரோரம் நின்றாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, மேற்படி பெண்ணைப் பார்த்ததே இல்லை என்றார்கள். அதிகாரி "இறந்தவர்" என்றார், மேனேஜர் "அந்தப் பொண்ணு" என்றார். வேன்காரன் வரவே இல்லை. கடைசியாக ஆதிலட்சுமியின் சாட்சி என்று சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். அவர் துவைத்த வேட்டி கட்டி, நேராக வந்து நின்றார். தான் செய்ததையெல்லாம் இன்று சரி செய்துவிடலாம் என்று அந்த நிமிஷம்வரை மனதார நம்பியிருந்தார்.

"அமிர்தவல்லி இங்கதான் வேல செஞ்சுது," என்றார். "அமிர்தவல்லி வெந்துபோனதும் இங்கதான். கொப்பர பொங்கிச்சு. வூட்ல இல்ல. அவங்க வூட்ல ஸ்டவ்வே கெடையாது."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை, விசாரித்தேன் என்றார் சின்னக்கண்ணு. எப்போது என்றார் அதிகாரி. தலைவர் வந்த கூட்டத்துக்கு முன்னால் என்றார். பலராமன் எழுந்தார். குரலில் பழைய மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"விசாரிச்சிட்டு எங்கிட்ட வந்து இன்னா சொன்னீங்கண்ணே?"

சின்னக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் பலராமன் அதிகாரி பக்கம் திரும்பி, இவர் விசாரித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தலைவரே நிதியைத் தொட்டார், மைதானம் முழுக்கப் பார்த்தது, இவர் சொல் தப்பிப்போனதாக இந்த ஊரில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார் என்று விளக்கினார். எல்லாம் உண்மைதான். தன்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக ஒருவர் பேசிச் சின்னக்கண்ணு கேட்டதே இல்லை.

"ஏறலாம்னு சொன்னேன்," என்றார்.

"அன்னிக்கி சொன்னது நெசமா, இன்னிக்கி சொல்றது நெசமா?"

"இன்னிக்கி சொல்றதுதான்."

"அப்ப அன்னிக்கி எதுக்குச் சொன்னீங்க?"

சின்னக்கண்ணு ஆதிலட்சுமியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், கண் அங்கேதான் போயிற்று. அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கே போகாத அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. மேடையேற்றியது வக்கீல் வேலை, சின்னக்கண்ணு அண்ணன் வேணாம் என்று சொல்லியிருப்பார், அவர் பேச்சைத் தாண்டி ஏற்றிவிட்டார்கள் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

"எம் பேத்திக்குப் பேரு வைக்கணும்னு சொன்னேன்," என்றார்.

அதிகாரி மறுபடியும் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார். இந்தக் குழந்தையா என்று கேட்டார். ஆமாம் என்றார் சின்னக்கண்ணு. தணிகாசலத்தின் தோளில் சாய்ந்து வெற்றிச்செல்வி சமாதானமாகத் தெரிந்தாள். அதிகாரி பேனாவை எடுத்தார். பிறகு, சொந்தக் காரியத்துக்காக ஒருமுறை பொய் சொன்னதாகச் சாட்சியே ஒப்புக்கொள்வதால் இவர் வாக்குமூலத்தைக் கணக்கில் எடுக்க முடியவில்லை என்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். விசாரணை அத்தோடு முடிந்தது. பலராமன் போகிறபோது, காரில் வருகிறீர்களா அண்ணே, முதலியார்பேட்டை வழியாகத்தான் போகிறேன் என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

வெயில் கொளுத்தியது. பஸ் நிற்கிற இடத்தில் ஆதிலட்சுமி ஒரு பக்கம், சின்னக்கண்ணு ஒரு பக்கம். மில் வாசலில் அவள் கையால் எத்தனையோ நாள் கஞ்சி வாங்கிக் குடித்தவர், இப்போது அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். விழுந்தால் அவள்தானே குனிந்து தூக்கிவிட வேண்டும், அந்தச் சிரமத்தையும் அவளுக்கு ஏன் கொடுப்பது என்று இருந்துவிட்டார்.

பஸ் வந்தது. கூட்டமில்லை. அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், அவர் அவளுக்குப் பின் சீட்டில். கண்டக்டர் வந்து நின்றதும் சின்னக்கண்ணு மடியைத் துழாவினார். முடிச்சு அவிழவில்லை. கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

"ஒரு நெல்லித்தோப்பு, ஒரு முதலியார்பேட்ட," என்றாள் ஆதிலட்சுமி, திரும்பாமலே. தன் சுருக்குப் பையிலிருந்து சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். டிக்கெட்டைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

பஸ் தொழிற்பேட்டையைத் தாண்டியது. காற்று வர ஆரம்பித்தது.

"வேணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேண்ணே," என்றாள்.

"தெரியும்மா," என்றார்.

அவள் நெல்லித்தோப்பு நெருங்கும்போது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஏறிய பிறகு முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை.

"காத்தாலேருந்து அந்த ரூம்புல எத்தினி பேரு பேசினாங்க. எல்லாம் அந்தப் பொண்ணு, மேற்படிப் பொண்ணு. அமிர்தவல்லின்னு எம் பொண்ணு பேரச் சொன்னது நீ ஒருத்தன்தான். அது போதும்னு நான் சொல்லல. நீ சொன்னேன்னு சொல்றேன், அவ்ளோதான்."

பஸ் நின்றது. அவள் இறங்கிக்கொண்டாள். சின்னக்கண்ணு வயசுக்கும் மீசைக்கும் பொருந்தாதபடி, வாயை மேல்துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். முதலியார்பேட்டையில் பஸ் நின்று கிளம்பியது. அவர் இறங்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் வந்து கேட்டபோது, ஆதிலட்சுமி வாங்கித் தந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.